ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் உதறும் கார்: கிளட்சை மாற்றுவதற்கு முன்

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. 2015ஆம் ஆண்டு டீசல் ஹேட்ச்பேக். முன்சக்கர இயக்கம், ஐந்து கியர், 185/65 ஆர்15 டயர், ஓடிய தூரம் 1,12,000 கிலோமீட்டர். மூன்றாண்டுகளுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் தரையும் இருக்கையும் அதிர்கின்றன. காலை எடுத்த மாத்திரத்தில் அதிர்வு நின்றுவிடுகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது வண்டி இடமும் வலமுமாக ஆடுவதுபோல் உதறுகிறது. நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் ஒன்றும் தெரியவில்லை. இதற்காக வீல் அலைன்மென்ட் ஒருமுறையும் பேலன்சிங் இரண்டுமுறையும் செய்து, முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டு, இன்ஜின் மவுண்ட் ஒன்றையும் மாற்றிவிட்டார். இப்போது கிளட்ச் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். ‘மாற்றலாமா?’ என்பது அவருடைய கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், முந்தைய உரிமையாளர் முன் ஸ்பிரிங்குகளில் ரப்பர் பஃபர் பொருத்தியிருக்கிறார் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

கிளட்சைப் பற்றி அவர் கேட்டாலும், உண்மையில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். அழுத்தினால் மட்டும் வரும் அதிர்வு எங்கிருந்து வருகிறது, அதை ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அது. நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறையில் இருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் பார்த்தும் தீராத வண்டிகள். ஆனால் இந்தக் காரை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஓடும் வண்டியில் சுழலும் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இன்ஜினும் அதனோடு பிணைந்த ஃபிளைவீலும் கிளட்சும் ஒரு வேகத்தில் சுழல்கின்றன. கியர்பாக்ஸுக்கு அப்பால் உள்ள டிரைவ் ஷாஃப்டும் (சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு) சக்கரமும் வேறொரு வேகத்தில் சுழல்கின்றன. அதிர்வு என்பது இவற்றுள் ஏதோ ஒன்று தன் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறையோ இருமுறையோ மும்முறையோ வண்டியைத் தள்ளுவதால் வருவது. எனவே முதலில் கேட்க வேண்டியது, அதிர்வு இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, சாலை வேகத்தோடு கூடிக் குறைகிறதா என்பது. அடுத்தது, அதே வேகத்தில் இழுவை மாறும்போது, அதாவது காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும், அது மாறுகிறதா என்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். பட்டறைகளில் இதைச் செய்யாததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை; நெரிசலான ஊருக்குள் இருக்கும் ஒரு பட்டறையிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்கக்கூடிய சாலைக்குப் போய்வர ஒரு மணிநேரம் ஆகும், அந்த ஒரு மணிநேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 185/65 ஆர்15 டயர் பாரம் தாங்கி உருளும்போது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22.2 மீட்டர், ஆக, சக்கரம் நொடிக்குச் சுமார் 11.7 முறை சுற்றுகிறது. பேலன்ஸ் கெட்ட சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவாக உதைக்கும். கையில் அதை ஒரு நடுக்கமாக உணரலாம், ஒலியாகக் கேட்க முடியாது. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 33 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர் எரிவதால் நொடிக்கு 67 துடிப்பு. இது காருக்குள் ஓர் உறுமலாகக் கேட்கும். அதே இன்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாவிட்டால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். அதாவது நொடிக்கு 17 முறை. கை தேர்ந்தவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணாமலே உடம்பால் அறிந்துகொள்வார்கள். தேராதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு.

நேரான, ஆளரவம் குறைந்த சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, ஐந்தாவது கியரில் 70 கிலோமீட்டரிலிருந்து 85 வரை நன்றாக அழுத்தி ஏற்றுங்கள். அதிர்வு எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம் என்று பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்; ஓட்டுபவர் எழுத வேண்டாம். பிறகு அதே சாலையில் நான்காவது கியரில் அதே 70இலிருந்து 85 வரை ஏற்றுங்கள். நான்காவது கியரில் இன்ஜின் சுற்று கணிசமாகக் கூடியிருக்கும். சக்கரத்தின் சுற்றோ மாறியிருக்காது. அதிர்வு அதே சாலை வேகத்தில், அதே தாளத்தில் வந்தால் குற்றவாளி கியர்பாக்ஸுக்கு அப்பால் இருக்கிறது. அதிர்வு வேறு வேகத்துக்கு நகர்ந்துவிட்டாலோ, தாளம் வேகமாகிவிட்டாலோ இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, அதிர்வு இருக்கும் வேகத்தில் கிளட்சை முழுக்க மிதித்துச் சில நொடிகள் உருளவிடுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசை அதோடு போய்விடும். உருளும்போதும் அதிர்வு நீடித்தால் சக்கரம், டயர், பேரிங் வகை. நின்றுவிட்டால் இழுவையோடு தொடர்புடைய வகை.

இனி உங்கள் விவரங்களுக்கு வருகிறேன். காலை எடுத்த மாத்திரத்தில், வேகம் குறைவதற்கு முன்பே, அதிர்வு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். இதை நீங்கள் சரியாகக் கவனித்திருந்தால், டயரும் பேலன்சிங்கும் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று உறுதியாகவே சொல்லலாம். சக்கரத்தின் ஒரு பக்கம் இருபது கிராம் கூடுதலாக இருந்தால் உங்கள் கால் பெடலில் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 90இல் இருக்கும்வரை அது உதைத்துக்கொண்டேதான் இருக்கும். அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தேய்க்கும். அதனால் மட்டும் அதிர்வு வருவதில்லை. நீங்கள் டயருக்குச் செலவழித்த பணம் வீணில்லை, எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான்; ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. கீழ் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கரத்தின் ரப்பர் இணைப்பு, கிழிந்திருந்தால், இழுவை வரும்போது சக்கரம் முன்னோக்கி நகர்ந்து, மற்ற நேரத்தில் தெரியாத சிறிய ஏற்றத்தாழ்வையும் காட்டிக்கொடுக்கும். ஜாக்கியில் தூக்கி நெம்புகம்பியால் நெம்பினால் அது தெரிந்துவிடும். இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டயர் மாற்றிய மறுநாளோ அதே வாரத்திலோ புதிதாக ஓர் உதறல் தொடங்கினால், வேறெதையும் யோசிக்காமல் வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். இரும்பு வீலிலிருந்து அலாய் வீலுக்கு மாறும்போது பழைய நட்டையே போட்டு, அது சரியாக உட்காராமல் தளர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் உதறல் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டாலோ, ஃபிளைவீலில் சூட்டுத் திட்டுகள் விழுந்தாலோ, வண்டியை எடுக்கும்போது, பெடலை விடும் அந்த இரண்டு மூன்று நொடியில், வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்கும். தட்டு முழுவதும் பிடித்துக்கொண்டதும் அது நின்றுவிடும். ஐந்தாவது கியரில் 80இல் போகும்போது தட்டு இறுகப் பிடித்திருக்கிறது. அங்கே வழுக்கல் இல்லாமல் உதறல் இல்லை. வழுக்கினால் இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது, தீய்ந்த வாடை வரும். நீங்கள் இவற்றில் எதையும் சொல்லவில்லை. எனவே உங்கள் வண்டி நகரத் தொடங்கும்போது உதறவில்லையென்றால் கிளட்ச் செட்டை இதற்காக மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. முழு உறுதி என்று ஏன் சொல்லவில்லை என்றால், சில டீசல் கார்களில் டூயல் மாஸ் ஃபிளைவீல், அதாவது நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதியாகச் செய்த ஃபிளைவீல், இருக்கிறது. அதன் உள் ஸ்பிரிங்குகள் களைத்துவிட்டால், பெரிய கியரில் 1200, 1500 சுற்றில் அழுத்தும்போது ஒரு கனத்த அதிர்வு வரும். ஆனால் அது இன்ஜின் சுற்றைச் சார்ந்தது. கியரைக் குறைத்துச் சுற்றைக் கூட்டினால் மறைய வேண்டும். மேலே சொன்ன நான்காவது, ஐந்தாவது கியர் சோதனை இதையும் பிரித்துக்காட்டிவிடும்.

மவுண்டைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொன்னால், மவுண்ட் அதிர்வைப் பிறப்பிப்பதில்லை, பிறந்த அதிர்வை உடலுக்குக் கடத்துகிறது அல்லது தடுக்கிறது. பொதுவாக மேலே கண்ணுக்குத் தெரிகிற மவுண்டைத்தான் மாற்றுவார்கள். அழுத்தும்போது இன்ஜின் பின்னோக்கித் திருகிக்கொள்வதைத் தாங்குவது கீழே, எலும்புத்துண்டு போன்ற வடிவில் இருக்கும் டார்க் ராட் மவுண்ட். அதன் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது மவுண்டை இன்ஜின் முறுக்கிய நிலையில் இருக்கும்போதே இறுக்கிவிட்டாலும் அதிர்வு கூடும். போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு அதுவாக உட்காரவைத்து மறுபடி இறுக்கினால் சில வண்டிகளில் பாதி தொல்லை போய்விடும்.

நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் ஒன்றுமில்லை என்பதை வைத்து இன்ஜினை முழுக்க விடுவித்துவிடக் கூடாது. நியூட்ரலில் ரேஸ் செய்யும்போது இன்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. அதற்குப் பாரம் இல்லை. பாரத்தில் மட்டும் தடுமாறும் சிலிண்டர் அங்கே அகப்படாது. பெட்ரோல் வண்டியில் இது மிகச் சாதாரணம்: அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும், தளர்ந்த இக்னிஷன் காயிலும் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இடைவெளி கூடிப்போன பிளக்கும் அப்போதுதான் கைவிடும். ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது கோளாறு கோட் பதிந்திருந்தால் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். இன்ஜின் விளக்கு மினுக்கினால் உடனே அழுத்துவதைக் குறைக்க வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி அழித்துவிடும். உங்களுடையது டீசல். டீசலில் இன்ஜெக்டர் கோளாறு பெரும்பாலும் ஐடிலிங்கிலேயே ஒரு தடக்கலாகத் தெரியும். ஐயம் தீர வேண்டுமானால் ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்குமான எரிபொருள் திருத்த அளவைப் பார்க்கலாம். நான்கு இன்ஜெக்டரின் திரும்புகுழாயிலும் நான்கு பாட்டில் மாட்டி எதில் அதிகம் வழிகிறது என்றும் பார்க்கலாம். எதையும் கழற்றி மாற்றாமல் செய்யக்கூடிய சோதனை இது.

என் ஊகம் எங்கே விழுகிறது என்றால், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்டில். பட்டறையில் ஆக்சில் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு ஷாஃப்டிலும், சாய்ந்தபடியே சுழல இடம்தரும் இரண்டு ஜாயின்ட் உண்டு. சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளி ஜாயின்ட். அது தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் போட்டுத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் சத்தமே போடாமல் தேயும். பெரும்பாலான சிறிய கார்களில் அது மூன்று கை கொண்ட ஒரு நட்சத்திரம். ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங் மேல் ஓர் உருளை. இந்த மூன்று உருளைகளும் ஒரு கப்புக்குள் வெட்டப்பட்ட மூன்று தடங்களில் ஓடுகின்றன. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டியிருப்பதால், உருளைகள் தடத்தில் உள்ளேயும் வெளியேயும் நழுவிக்கொண்டே இருக்கும். தடம் வழவழப்பாக இருக்கும்வரை இதை யாரும் உணர்வதில்லை.

தேய்ந்த ஒன்றைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் கிளாம்பை வெட்டி ரப்பரைப் பின்னுக்குத் தள்ளும்போது, வெண்ணெய்ப் பதத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் கறுத்த கூழாக நீர்த்துக் கைக்கு வழியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுங்கும். அது உதிர்ந்த எஃகு. கப்பைத் துடைத்துவிட்டு ஒரு தடத்தின் சுவரில் நகத்தை ஓடவிட்டால், வழுக்கிக்கொண்டே வந்த நகம் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நிற்கும். உருளை எப்போதும் உட்காரும் இடத்தில் ஒரு குழி. அதே தடத்தின் எதிர்ச்சுவரில் ஓடவிட்டால் ஒன்றும் தட்டுப்படாது. ஆலையில் தேய்த்த பளபளப்பு அப்படியே இருக்கும். வண்டி முன்னோக்கி இழுக்கும்போது உருளை ஒரு சுவரில் மட்டுமே அழுந்துகிறது. நீங்கள் காலை எடுத்ததும் சக்கரம் இன்ஜினைச் சுற்றத் தொடங்கி, உருளை எதிர்ச்சுவருக்கு, தேயாத சுவருக்கு, மாறிவிடுகிறது. உங்கள் அதிர்வு காலை எடுத்த மாத்திரத்தில் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று கை என்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தள்ளல். உருளை குழியில் சிக்கி விடுபடும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் நீளவாக்கில், அதாவது வண்டிக்குக் குறுக்காக, இன்ஜினைத் தள்ளுகிறது. மலைப்பாதையில் 30இல் ஏறும்போது சக்கரம் நொடிக்கு நான்கைந்து சுற்று. மும்மடங்கு என்றால் நொடிக்குப் பதின்மூன்று தள்ளல், பக்கவாட்டில். வண்டி இடமும் வலமுமாக ஆடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வேகத்தில் பேலன்சிங்கோ கிளட்சோ வண்டியைக் குறுக்காக ஆட்டுவதில்லை. 80இல் அதே கணக்கு நொடிக்கு 35. அது ஆட்டமாகத் தெரியாமல் தரையின் அதிர்வாகத் தெரியும். குறைந்த வேகத்தில் ஆட்டம், கூடிய வேகத்தில் அதிர்வு, இரண்டும் இழுவையில் மட்டும் என்று நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ரப்பர் பஃபர் இங்கே முக்கியமாகிறது. வேகத்தடையில் அடி தட்டாமலிருக்க ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே அந்த ரப்பரைச் செருகுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. முன்பக்கம் உயர்ந்தால் சக்கரம் கியர்பாக்ஸைவிடக் கீழே போகிறது. ஷாஃப்ட் கூடுதல் சரிவில் நிற்கிறது. இந்த வகை ஜாயின்ட் தரும் குறுக்குத் தள்ளல், கடத்தும் இழுவை கூடும்போதும் கூடும், சரிவுக் கோணம் கூடும்போதும் கூடும். பலமாக அழுத்தும்போது வண்டியின் மூக்கு வேறு சற்று எழும்புகிறது. பெரும்பாலும் கியர்பாக்ஸ் இடப்பக்கம் அமைவதால் இடப்பக்க ஷாஃப்ட் குட்டையாக இருக்கும். ஒரே உயர வேறுபாட்டுக்குக் குட்டை ஷாஃப்டின் கோணம்தான் பெரிது. ஆகவே இடப்பக்க உள் ஜாயின்டை முதலில் சந்தேகிப்பேன். பஃபரை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்டால், குறையும் என்று எதிர்பார்க்கிறேன், முழுக்கத் தீரும் என்று உறுதி தர மாட்டேன். மூன்று ஆண்டு தவறான கோணத்தில் ஓடி விழுந்த குழி, பஃபரை எடுத்ததால் நிரம்பிவிடாது. ஆனால் எடுத்துப் பார்த்து அதிர்வு தெளிவாகக் குறைந்தால், ஜாயின்டின் மேலுள்ள சந்தேகத்துக்கு அதுவே ஒரு சான்றாகிவிடும். பஃபரைக் கழற்ற அரைமணிநேரம் போதும், காசும் பெரிதாக ஆகாது.

உள் ஜாயின்டைப் பட்டறையில் எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘பூட் கிழியவில்லை, அதனால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது’ என்பார்கள். உள் பூட் கிழியாமலே உள்ளே தேய்ந்த ஜாயின்ட்தான் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல். சிலர் ஷாஃப்டைக் கையால் உள்ளே வெளியே இழுத்துப் பார்த்து ‘ஆட்டம் இருக்கிறது’ என்பார்கள். அந்த நீளவாக்கு அசைவு அதற்கு இயல்பாகவே உள்ள நழுவல், தேய்மானம் இல்லை. மேலும் கீழுமாகவும், சுழற்சியிலும் ஆட்டம் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதுவும் கையின் பலத்துக்குச் சில சமயம் அகப்படாது. இன்னும் பெரிய கண்ணி, வண்டியை லிஃப்டில் தூக்கி, கியர் போட்டு, அந்தரத்தில் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்பது. சக்கரம் தொங்கும்போது ஜாயின்ட் சாலையில் ஒருபோதும் வராத கோணத்துக்குப் போய்விடுகிறது. நல்ல ஜாயின்டும் அங்கே அதிரும். மறுபுறம், இழுவை இல்லாததால் தேய்ந்த தடம் அமைதியாகவும் இருந்துவிடலாம். சாலையில் செய்த சோதனையோடு முரண்பட்டால் லிஃப்டில் கண்டதை நான் நம்புவதில்லை.

இவ்வளவு உறுதியாகப் பேசிவிட்டு என் தவறு ஒன்றை மறைப்பது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் மூன்று வண்டிகளுக்கு உள் ஜாயின்ட் மாற்றியிருந்தேன். நான்காவதாக ஒரு பெட்ரோல் கார் வந்தது. அழுத்தினால் உதறல், எடுத்தால் இல்லை. கியர் மாற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல், ஸ்கேனரில் கோட் எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, இடப்பக்க ஷாஃப்டை மாற்றினேன். பைபாஸில் ஓட்டினால் அதே உதறல். பிறகு நிதானமாகத் தேடியபோது மூன்றாவது சிலிண்டரின் காயில் பாரத்தில் விட்டுவிட்டு அடிப்பது தெரிந்தது. வண்டி என்னிடம் வருவதற்கு முன் யாரோ கோட்களை அழித்திருக்கிறார்கள். அந்த ஷாஃப்டின் விலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நான்காவது, ஐந்தாவது கியர் சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பதில்லை.

கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருக்கைத் தண்டவாளத்தின் மேல் கைப்பேசியை இறுக ஒட்டிவைத்து 60இல் அழுத்திப் பார்த்தால், நொடிக்கு 9க்குக் கிட்டே ஒரு முகடு எழுந்தால் சக்கரம், 26க்குக் கிட்டே எழுந்தால் மூன்றுகை ஜாயின்ட் என்று படிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 80இல் ஜாயின்டின் கணக்கு 35. ஐந்தாவது கியரில் இன்ஜின் 2000 சுற்றை ஒட்டி ஓடினால் அதன் சுற்று 33. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். கியரை மாற்றியும் முகடு அதே இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கேள்வியோடு வேறு வண்டிக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். பின்சக்கர இயக்க வண்டிகளில், ஜீப் வகையிலும் வேன்களிலும், முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையும் (சிலுவை வடிவ இணைப்பு) அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கையும். கிராஸ் ஜாயின்ட் சாய்ந்த நிலையில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். பத்து டிகிரி சாய்வில் அந்த ஏற்றமும் இறக்கமும் தலா சுமார் ஒன்றரை சதவீதம். இரு முனைக் கோணங்களும் சமமாகவும் கிராஸைப் பிடித்திருக்கும் இரு முனை நுகங்கள் ஒரே வரிசையிலும் இருந்தால் ஒன்றை ஒன்று சரிசெய்துகொள்ளும். கழற்றும்போது அடையாளம் போடாமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் புது கிராஸ் போட்டும் அதிரும். கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில், லேசாக அழுத்தி 50, 60இல் போகும்போது சாலையோர வரிப்பட்டையில் ஏறியதுபோல் சில நொடி நடுங்கினால், அந்தக் கன்வெர்ட்டரைப் பூட்டி நேரடியாக இணைக்கும் லாக்கப் கிளட்சையும் கியர் எண்ணெயையும் சந்தேகிக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரேக்கை மிக மெல்லத் தொட்டால் லாக்கப் விடுபட்டு நடுக்கம் நின்றுவிடும்.

உங்கள் வண்டிக்கு நான் செய்யக்கூடிய வரிசை இது: முதலில் கியர் சோதனை, அதிர்வு சாலை வேகத்தோடு ஒட்டி நின்றால், முன் ஸ்பிரிங் பஃபர்களை எடுத்துவிட்டு அதே சாலையில் மறுபடி ஒருமுறை, அதன் பிறகு டார்க் ராட் மவுண்டையும் கீழ் ஆர்ம் புஷ்ஷையும் பார்த்துவிட்டு, இடப்பக்க உள் பூட்டைத் திறக்கச் சொல்லி, கூடவே நின்று, தடத்தில் நகத்தை ஓடவிட்டுப் பாருங்கள். குழி இருந்தால் நட்சத்திரத்தை மட்டும் மாற்றி அதே கப்பில் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்த தடத்தில் புது உருளை ஓரிரு மாதம்கூட அமைதியாக ஓடாது. கப்பும் நட்சத்திரமும் சேர்ந்து கிடைத்தால் அது போதும். தனியாகக் கிடைக்காத மாடலாக இருந்தால் முழு ஷாஃப்டாக வாங்க வேண்டியிருக்கும். மலிவான ஷாஃப்ட் சில, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அதிரும். எனவே பழைய ஷாஃப்டை, பிரச்சினை தீர்ந்தது என்று உறுதியாகும்வரை, கடையில் விட்டுவராதீர்கள். உள் ஜாயின்டுக்குரிய கிரீஸை, கிட்டில் வரும் அளவு முழுவதையும் போட வேண்டும். வெளி ஜாயின்டின் கறுப்பு கிரீஸை இதில் திணிக்கக் கூடாது. வீல் நடுவில் உள்ள ஹப் நட்டு ஒருமுறைதான் பயன்படும், புதிது வாங்கிக்கொள்ளுங்கள். அதை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குகிறார்களா என்று பாருங்கள். அந்த நட்டு தளர்ந்திருக்கும்போது வண்டியைச் சக்கரத்தின் மேல் ஒரு முழம்கூட உருட்ட விடாதீர்கள். வீல் பேரிங் கெட்டு, அடுத்த மாதம் வேறோர் அதிர்வோடு வந்து நிற்பீர்கள்.